முப்பத்தெட்டு ஊருக்கு ஒரே வாய்

கம்ப்யூட்டரில் ஒரு வரிசைக்குப் பச்சை நிறம் பூசியதால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. பூசியவள் நான். அந்தப் பெண் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் மாலைச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர். நான் ஹைதராபாத்தில், உப்பலில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் வாசித்ததைக் கேட்டுக் குறிப்பெழுதுகிறவள். நான் அவரைத் தினமும் பார்த்தேன். அவருக்கு நான் ஒருத்தி இருப்பதே தெரியாது. "ஏட்டி, அதுக்கும் ஒனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, சும்மா கெட" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். அவர் அப்படித்தான் சொல்லுவார். எனக்கல்லவா தெரியும்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் விளக்கிச் சொல்வதற்குள் எனக்கே அலுத்துவிடும். அமெரிக்காவில் ஒரு மாநிலம். அதில் முப்பத்தொன்பது ஊர்களின் உள்ளூர் டி.வி. நிலையங்கள். அங்கே மாலை ஆறு மணிச் செய்தி முடியும்போது இங்கே பால்காரன் வருகிற நேரம். பதிவெல்லாம் காலை ஒன்பது மணிக்கு எங்கள் திரைக்கு வந்துவிடும். பேச்சை மெஷினே எழுத்தாக்கித் தரும். தப்பு இருந்தால் நாங்கள் திருத்த வேண்டும். பிறகு எந்தச் செய்தி, எத்தனை வினாடி, அதில் ஒரு மருந்துக் கம்பெனியைப் பற்றிப் பேச்சு வந்ததா, வந்தால் நல்லபடியா, கெட்டபடியா, ரெண்டுங்கெட்டானா என்று கட்டத்தில் நிரப்ப வேண்டும். இந்தக் கணக்கெடுப்பை எங்களிடம் கேட்பது, அந்த மருந்துக் கம்பெனிக்காக அங்கே விளம்பர வேலை பார்க்கும் ஒரு நிறுவனம். எங்கள் ஆபீசில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. 'க்ளையன்ட்' என்றால் அவர்கள்தான்.

இதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நான் இங்கிலீஷ் டீச்சர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில். என் வீட்டுக்காரருக்கு லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு மாற்றலாகிக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தோம். இங்கே பள்ளிக்கூடங்களில் தெலுங்கு தெரியாத டீச்சரை யார் சேர்ப்பார்கள்? இங்கிலீஷ் கேட்டுப் புரிகிற ஆள் வேண்டும் என்று இந்த ஆபீசில் எடுத்துக்கொண்டார்கள். மெட்டுகூடாவில் மெட்ரோ ஏறினால் உப்பலுக்குப் போய்விடலாம். உட்கார இடம் கிடைக்கிற நாளில் வேலையும் நன்றாகவே போகும்.

அந்த வருஷம் அந்த மாநிலத்தின் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசிக்கு இதற்கு மேல் விலை வைக்கக்கூடாது என்று ஒரு வரம்பு. அவ்வளவுதான் விஷயம். எனக்கு அது நன்றாகவே புரிந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் அதே மருந்துதான் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. மெட்டுகூடா மெடிக்கலில் கேட்டால் எடுத்துக் கையில் தருவார்கள். அங்கே என்னடாவென்றால் அந்த மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டு நாளைக் கடத்துகிறார்களாம். ஒரு கிழவர் அப்படிச் செய்து ஆஸ்பத்திரியில் கிடந்ததை ஏதோ ஒரு நிலையம் முன்பு காட்டியிருந்தது. நான்தான் அதை 'கெட்டபடி' என்று கட்டத்தில் போட்டேன். அதற்கப்புறம் அந்த மாதிரி ஒரு செய்தி என் காதில் விழவே இல்லை.

விழுந்தது வேறு. ஒரு திங்கட்கிழமை முதல் பதிவைத் திறந்தேன். நீல கோட்டுப் போட்ட ஒருவர், முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "விலைக்கு வரம்பு வைத்தால் நம் ஊர் மருந்துக் கடைகளின் அலமாரிகள் காலியாகிவிடுமோ என்ற அச்சம் நம் ஊர்ப் பெரியவர்களிடையே பரவிவருகிறது." சரி என்று குறித்துக்கொண்டேன். அடுத்த ஊர். மஞ்சள் சட்டை போட்ட பெண். "விலைக்கு வரம்பு வைத்தால் நம் ஊர் மருந்துக் கடைகளின் அலமாரிகள்..." மூன்றாவது ஊர். வழுக்கைத் தலை. "விலைக்கு வரம்பு வைத்தால் நம் ஊர்..." எனக்குச் சந்தேகம், ஒரே பதிவைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேனோ என்று. இல்லை. ஆள் வேறு, ஊர் வேறு, பின்னால் தெரிகிற பாலம் வேறு. வார்த்தை மட்டும் ஒன்று. மூச்சு விடுகிற இடம்கூட ஒன்று. ஒவ்வொருவரும் 'நம் ஊர்' என்று சொல்லும்போது லேசாகத் தலையைச் சாய்ப்பதும் ஒன்றுபோலவே. எனக்கு வந்ததே எரிச்சல்! ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதுதான்.

பத்தாவது ஊருக்கு வருவதற்குள் எனக்குப் பழைய ஞாபகம் முழுக்கத் திரும்பிவிட்டது. காலாண்டுப் பரீட்சையில் ஒரு பெஞ்ச் மொத்தமும் ஒரே கட்டுரையை எழுதிவைக்கும். 'என் வீட்டு நாய்' என்று தலைப்புக் கொடுத்தால் ஆறு பேர் வீட்டு நாய்க்கும் ஒரே காலில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்த ஆறு தாளையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே வைப்பேன்.

அன்றைக்கு முப்பத்தொன்பதாவதாகத் திறந்த பதிவில்தான் அந்தப் பெண் வந்தார். ரொம்பச் சின்ன ஊர். பின்னால் மாட்டியிருந்த வரைபடம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, ஜலதோஷக் குரல். அவரும் அதே வாக்கியத்தைத்தான் வாசித்தார். வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தார். பிறகு கேமராவைப் பார்த்து, "இதை எங்கள் நிலையத்தில் யாரும் எழுதவில்லை. எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இந்த மருந்தைச் செய்யும் கம்பெனி எங்களுக்கு விளம்பரம் தருகிறது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்" என்றார். அப்புறம் வானிலைக்குப் போய்விட்டார்.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சத்தமாகவே, "அப்படிப் போடு!" என்றேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டீயைப் போட்டுக் கொடுத்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். "என்னங்க, முப்பத்தெட்டு ஊர்ல ஒரே பேச்சு. ஒருத்தி மட்டும் மாத்திச் சொல்லுதா!"

"எவனோ எதையோ வாசிக்கான். நீ எதுக்கு இங்க கெடந்து கொதிக்கே?" என்றார். பிறகு அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. "அந்த முப்பத்தெட்டு டிவியும் யாரோடது?"

"அவளோடதும் சேத்து எல்லாம் ஒரே மொதலாளி. ஊர் ஊரா வாங்கிப் போட்டிருக்கான்."

"அது அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கு எங்க தெரியப்போகுது" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நம்மூர்ல எந்தச் சேனலு எந்தக் கட்சிக்காரனுதுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். இவன் இப்படித்தான் சொல்லுவான், அவன் அப்படித்தான் சொல்லுவான்னு ரெண்டையும் பாத்துட்டு நாம ஒரு முடிவுக்கு வருவோம். பொய் சொல்லுதான்னு தெரிஞ்சே கேக்கோம். அங்க பாவம், பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்லுத மாதிரில்லா நெனச்சுக் கேப்பான்."

உள்ளே படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள், இங்கேயே இன்டர், அதாவது ப்ளஸ் டூ படிக்கிறவள், எட்டிப் பார்த்து, "லைட் தீஸ்கோம்மா, எல்லாம் பெய்டு கன்டென்ட்" என்று தெலுங்கும் இங்கிலீஷுமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். எதுவும் பெரிசு பண்ணாதே என்று அர்த்தம். நான் என்றைக்கு எதைப் பெரிசு பண்ணாமல் இருந்திருக்கிறேன்?

மறுநாள் நான் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எங்கள் கட்டங்களில் 'டூப்ளிகேட்' என்று ஒன்று உண்டு. ஒரே பதிவு தவறிப்போய் இரண்டு தடவை வந்துவிட்டால், இரண்டாவதில் அந்த டிக்கைப் போட்டுவிட்டு மேலே போய்விடலாம். நான் அந்த மருந்துச் செய்தியில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, மிச்சம் முப்பத்தேழுக்கும் டூப்ளிகேட் டிக் போட்டேன். நியாயம்தானே? காப்பியடித்த தாளுக்கு எவளாவது தனித்தனியாக மார்க் போடுவாளா?

பதினோரு மணிக்கு டீம் லீடர் வந்து நின்றார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பையன், முப்பது வயது, நல்ல மாதிரி. தமிழில்தான் பேசுவார், இடையிடையே ஊர் பாஷை உருண்டு விழும், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்று.

"அக்கா, என்ன இது? முப்பத்தேழு டூப்ளிகேட்டா? சிஸ்டம் சிவப்பா எரியுது."

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. கேட்டுப் பாருங்க."

"மூஞ்சி வேற வேறதானே? அப்போ டூப்ளிகேட் இல்ல."

"மூஞ்சி வேற. வாய் ஒண்ணு."

"நக்கோ அக்கா, நக்கோ. எதுக்கு இந்தத் தலைவலி? ஒவ்வொண்ணா போட்டுடுங்க" என்று கெஞ்சினார்.

சும்மா போட்டிருக்கலாம். வாய்தான் கேட்காது என்றால் எனக்குக் கையும் கேட்காது. முப்பத்தேழையும் திருத்திப் போட்டுவிட்டு, அதோடு நிற்காமல், தனியாக ஒரு பட்டியல் தயார் செய்தேன். ஊர், வாசித்தவர், எத்தனை வார்த்தை அப்படியே, எத்தனை மாற்றம். முப்பத்தெட்டு ஊருக்கு நேரே 'அப்படியே காப்பி' என்று எழுதினேன். முப்பத்தொன்பதாவது ஊருக்கு வந்ததும் கை தானாகவே பச்சை நிறத்தைத் தேடிப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அதுதான் என் பழக்கம். பெஞ்ச் மொத்தமும் பார்த்து எழுதினாலும் ஒரு பிள்ளை மட்டும் தப்பும் தவறுமாகச் சொந்தமாக எழுதியிருக்கும். அதன் தாளில் பச்சை மையால் ஒரு கோடு போட்டு, எல்லாரும் பார்க்க மேலே தூக்கிக் காட்டி, கைதட்டச் சொல்லுவேன். அந்தப் பெண்ணின் வரிசை முழுவதற்கும் பச்சை பூசினேன். பக்கத்தில், 'சொந்த வார்த்தை சேர்த்தார். யார் எழுதினார்கள் என்பதைச் சொல்லிவிட்டார்' என்று எழுதினேன். வாரக் கடைசியில் போகும் அறிக்கையோடு அதையும் சேர்த்து டீம் லீடருக்கு அனுப்பினேன். யாராவது அங்கே பார்த்துக் கொஞ்சம் வெட்கப்படட்டும் என்றுதான் நினைத்தேன். வெட்கமாம்! எவ்வளவு பெரிய மடச்சி நான்.

அடுத்த புதன்கிழமை டீம் லீடர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "அக்கா, க்ளையன்ட் ஃபுல் குஷி. இந்த மாதிரி அனாலிசிஸ் இதுவரைக்கும் யாருமே குடுத்ததில்லையாம்." ஆபீஸ் நடுவில் என்னை நிற்கவைத்து ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்தேன். என் வீட்டுக்காரர்கூட, "பரவால்லையே, டீச்சருக்கு மவுசு கூடிட்டு" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

அதற்கடுத்த வாரம் அந்தச் சின்ன ஊரின் பதிவைத் திறந்தேன். சாய்ந்த வரைபடம் நேராக மாட்டப்பட்டிருந்தது. நாற்காலியில் சீவி வழித்த ஓர் இளைஞன். "விலைக்கு வரம்பு வைத்தால் நம் ஊர் மருந்துக் கடைகளின்..." என்று அழகாக வாசித்துவிட்டு வானிலைக்குப் போனான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விடைபெறுகிறார் என்றாவது சொல்லவேண்டாமா? லீவில் இருப்பார், ஜலதோஷம் முற்றியிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். இளைஞன்தான் இருந்தான்.

டீம் லீடரிடம் கேட்டேன். "உங்க லிஸ்ட்டை க்ளையன்ட் அந்த டிவி ஓனர் கிட்ட ஃபார்வேர்ட் பண்ணியிருப்பாங்க அக்கா. விளம்பரம் குடுக்கிறவங்க கேட்டா ஓனர் என்ன செய்வான்? நமக்கென்ன தெரியும்? விடுங்க." பிறகு, மறந்துபோனதைச் சொல்வதுபோல், "ஹவ், இன்னொரு விஷயம். பச்சை வரிசை இனிமே எல்லா வாரமும் வேணுமாம். யார் யார் மாத்திப் பேசறாங்கன்னு. உங்க ஐடியாதான், அதனால உங்களுக்கே குடுத்திருக்காங்க."

நான் காப்பியடித்தவர்களைக் காட்டிக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை அனுப்பினேன். அவர்களுக்கு அந்த முப்பத்தெட்டு பேரைப் பற்றி என்ன கவலை? எழுதிக் கொடுத்தவர்களே அவர்கள்தானே! முப்பத்தொன்பது பேரில் அடங்காத ஆள் யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. அதை நான் பச்சை பூசி, தூக்கிக் காட்டி, கைதட்டிச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாராட்டுப் பத்திரத்தை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டேன். அழுகையாக வந்தது. "ஒனக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு? அவளே வேற நல்ல வேலைக்குப் போயிருப்பா" என்றார் என் வீட்டுக்காரர். போயிருக்கலாம். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து போகிறவர், இத்தனை நாளாகத் தன்னைப் பார்க்கிற ஊருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமலா போவார்? நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த அன்றைக்கு வாட்ச்மேன் வரை சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

மசோதா ஓட்டெடுப்புக்கு வந்த நாளில் சட்டசபைப் பேச்சும் செய்தியில் வந்தது. ஓர் உறுப்பினர், வயதானவர், பார்த்தால் நல்லவராகத்தான் தெரிந்தார். எழுந்து நின்று, "நான் இந்த மசோதாவை ஆதரிப்பதாக இருந்தேன். ஆனால் என் தொகுதியில் எந்த ஊருக்குப் போனாலும் மக்கள் ஒரே குரலில் பேசுகிறார்கள். கடைகளின் அலமாரிகள் காலியாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள்" என்றார். நான் திரையைப் பார்த்து, "ஐயா பெரியவரே, அது மக்கள் குரல் இல்லைய்யா! அது மூணு பத்தி மெயில்ல வந்த குரல்!" என்று கத்தாத குறை. ஒருவன் எழுதுகிறான், ஒருவன் வாசிக்கிறான், கேட்டவன் பயப்படுகிறான், பயந்தவனைப் பார்த்துத் தலைவர் ஓட்டுப் போடுகிறார். இதில் அந்தப் பெரியவர் யாரிடமும் கைநீட்டி எதையும் வாங்கியிருக்க மாட்டார். வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் காரியம் முடிந்துவிட்டது. மசோதா தோற்றது. அந்தச் செய்தியையும் முப்பத்தொன்பது பேரும் ஒரே வார்த்தையில்தான் வாசித்தார்கள்.

அந்தச் சட்டம் போனால் அடுத்த சட்டம். பள்ளிக்கூட பஸ், கரண்ட் கட்டணம் என்று எழுதி அனுப்பும் விஷயமும் அதற்குப் பணம் தரும் கம்பெனியும் மாறிக்கொண்டே இருந்தன, க்ளையன்ட் மாறவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் நான் பட்டியல் அனுப்பினேன். பச்சை எதுவும் இல்லை, எதுவும் இல்லை என்று எழுத எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. வேலையை விடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நான் விட்டால் அந்தச் சீட்டில் இன்னொருத்தி வருவாள். அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பச்சையைத் தேடுவாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. பெரிய ஊர் ஒன்று. பல நாளாக அச்சு அசலாக வாசித்துக்கொண்டிருந்த அதே நீல கோட்டு மனிதர். கரண்ட் கட்டணச் செய்தியை வாசித்தார். முடித்துவிட்டுத் தாளை வைத்தார். "இது எங்களுக்கு எழுதி அனுப்பப்பட்டது. எனக்கு முன்னால் இதைச் சொன்ன ஒருவர் இப்போது இந்த நிலையங்களில் எதிலும் இல்லை" என்றார். வானிலைக்குப் போனார்.

மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். பிறகு அவர் வரிசையில் 'அப்படியே காப்பி' என்று எழுதினேன். பன்னிரண்டு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவள் நான். சொந்தமாகச் சொன்னவனைக் காப்பியடித்தவன் என்று எழுதியது அதுதான் முதல் தடவை. பட்டியல் டீம் லீடரின் சரிபார்ப்புக்குப் போயிற்று. அவர் ஒவ்வொரு பட்டியலிலும் நாலைந்தை எடுத்துக் கேட்டுப் பார்ப்பார். நேரே அந்த ஊரைத்தான் எடுத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்து ஹெட்போனைக் கழற்றினார்.

"அக்கா, இந்த நீல கோட்டு..."

"காப்பிதான் தம்பி" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ஹவ்" என்றார். "காப்பிதான்." அனுப்பிவிட்டார். 'முப்பத்தொன்பதும் ஒரே குரல், அருமை' என்று க்ளையன்ட்டிடமிருந்து பதிலும் வந்தது. அந்த ஊர் மக்களுக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அதைச் சொல்லவே இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தோம்.

மறுவேலை நாள் காலை ஒன்பதுக்கு அந்த ஊர்ப் பதிவைத்தான் முதலில் திறந்தேன். அதே நாற்காலி, அதே நீல கோட்டு. இருந்தார். எனக்கு உயிர் வந்தது. செய்தியை வாசித்தார், தாளை வைத்தார், மறுபடியும் கேமராவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"ஐயோ, சும்மா இருய்யா! வாசிச்சிட்டுப் பேசாமப் போயேன்!" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தச் சின்ன ஊர்ப் பெண்ணிடம் அவர் முதலாளி சொல்லியிருப்பதும் இதைத்தான்.